அண்ணனுக்கு ஏற்ற டேங்க்

1

போன வாரம் ஊரிலிருந்து செந்தில் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பாலிடெக்னிக்கில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். "மாப்ள, மலேசியாவுல வேப் நல்லா கிடைக்குமாமே. லீவுக்கு வர்றப்ப ஒண்ணு கொண்டு வாடா. நாமே காயில் சுத்துற மாதிரி டேங்க், டெம்பரேச்சர் கண்ட்ரோல் உள்ளதா பாரு. நீதான் அதுல எக்ஸ்பர்ட்னு கேள்விப்பட்டேன்."

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னது பொய்யில்லை. எனக்கு எந்தப் புகைப் பழக்கமும் கிடையாது. இருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேப் என்கிற மின்சிகரெட்டின் டேங்க்குகளைப் பற்றி என் அளவுக்கு அல்லாடிய இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன் இன்னொருவன் இருக்க மாட்டான்.

செந்திலுக்குப் பதில் இதுதான். கொண்டுவர மாட்டேன். நம் நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, "இது என்ன சார்?" என்று கேட்டால், வெப்பக் கட்டுப்பாட்டின் கோட்பாட்டை அங்கே நின்று விளக்க எனக்குத் தெம்பில்லை. பழக்கம் இல்லாதவன் புதிதாக ஆரம்பிக்க இதில் ஒரு நல்லதும் இல்லை என்பது இரண்டாவது காரணம். நான் இதற்குள் இறங்கியது என் அண்ணனுக்காக. அந்தக் கதையைச் சொன்னால் நீ கேட்டதற்கும் பதில் கிடைத்துவிடும்.

அண்ணன் பெயர் முத்துப்பாண்டி. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லும் ரொட்டிக்கல்லும் அவர் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் புரோட்டாவுக்கு மாவு பிசையப் போனவர். அவர் போனதால்தான் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் ஆனேன். நான் டிப்ளமா முடித்து, கிள்ளானில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்தேன். ஓவன்களின் வெப்பநிலையைக் கவனிப்பது என் வேலை. எனக்குப் பின்னால் அண்ணனும் சமையல் வேலைக்கு பெர்மிட் கிடைத்து வந்தார்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. தங்கியிருக்கும் அறை நான்காவது மாடியில். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இரண்டாவது மாடியில் நின்று, செருப்பில் ஏதோ குத்துவது போலக் குனிந்து பார்ப்பார். செருப்பில் ஒன்றும் இருக்காது.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூன்று முறை ஊதினார் அண்ணன். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னதை நான் தமிழில் அண்ணனிடம் சொன்னேன். போன மூச்சு திரும்பி வராது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், சிகரெட்டை இன்றே விட வேண்டும்.

"இன்னைக்கேன்னா சொன்னாங்க? இல்ல நீயா சேத்துக்கிட்டியா?" என்று கேட்டார் அண்ணன்.

விடுவதற்கு உதவும் சிகிச்சை இருந்தது. வேலை நாளில் காலையில் வர வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குக் காலை என்று ஒன்று கிடையாது. விடிவதற்கு முன்னால் தோசைக்கல் முன் நின்றால் நிமிரும்போது மதியம் ஆகியிருக்கும். ஞாயிறு உண்டா என்று கேட்டேன். இல்லை. வேறு கடைக்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள் ஊரில். பெர்மிட் இந்தக் கடையின் பெயரில் இருக்கிறது. கடையை விட்டால் நாட்டையும் விட வேண்டும்.

இரண்டு மாதம் நிக்கோட்டின் சுவிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கம்மை மென்றுகொண்டே சிகரெட் பிடித்தார். அதன் பிறகுதான் வேப் பக்கம் போனேன். டாக்டரிடமும் கேட்டேன். "இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அவர் சிகரெட்டை முழுவதும் விட்டுவிட்டு இதற்கு மாறி, பிறகு இதையும் விடுவதாக இருந்தால் நான் சண்டை போட மாட்டேன்" என்றார். முழுவதும் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

2

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளைத் தாண்டிப் போனால், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சின்னக் கடை. நடத்துவது ஷாமளா அக்கா. கிள்ளானிலேயே பிறந்தவர். கடை முழுக்க மிட்டாய் நிறத்தில், தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற 'பாட்' வேப்புகள்.

"அக்கா, நாமே காயில் மாத்துற டேங்க் இருக்கா?"

"என்னாத்துக்கு தம்பி? யாரு இப்ப கம்பி சுத்துறா? பாட் எடுத்துட்டுப் போங்க லா. இழுத்தா ஆச்சு, முடிஞ்சா தூக்கிப் போட்டா ஆச்சு."

"எனக்கு வெப்பக் கட்டுப்பாடு வேணும்க்கா. பஞ்சு கருகக் கூடாது. அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல."

"அப்ப சிகரெட்ட விடச் சொல்லுங்க."

"அதுக்குத்தான்க்கா வந்திருக்கேன்."

அக்கா சிரித்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். போன காலத்துச் சரக்கு. மற்ற மாநிலங்கள் சிலவற்றில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள், இங்கே தடை எப்போது வருமோ தெரியாது, அதனால் புதிதாக எதுவும் இறக்குவதில்லை என்றார். வாடிக்கையாளர்கள் பற்றியும் சொன்னார். "தைப்பூச விரதத்துல கூட எடுக்குறாங்க தம்பி. கேட்டா, பாட்டில்ல வெஜிடபிள் கிளிசரின்னு போட்டிருக்காம், சைவமாம். நான் என்னா சொல்றது? பத்துமலையில முருகனே கேட்டுக்கட்டும்."

செந்தில், இப்போது நீ கேட்ட விஷயம். டேங்க்கில் ஊற்றிய திரவத்தை, காயில் என்கிற கம்பிச்சுருளுக்குள் நுழைத்த பஞ்சு உறிஞ்சும்; அடியில் உள்ள பேட்டரிப் பெட்டி கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகும், அதைத்தான் இழுக்கிறார்கள்.

கம்பி சூடேறினால் அதன் மின்தடை ஏறும். எவ்வளவு ஏறியது என்று அளந்தால் எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். நாம் லேபில் செய்த பிளாட்டினம் சென்சார் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? அதே கணக்குதான். பேட்டரிப் பெட்டி கம்பியின் தடையை அளந்துகொண்டே இருக்கும். நீ வைத்த வெப்பநிலையைத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைக்கும். பஞ்சில் திரவம் வற்றினால் கம்பி சட்டென்று சூடேறும், பெட்டி அதைப் பிடித்து நிறுத்திவிடும். பஞ்சு கருகாது. கருகிய பஞ்சின் புகை நெஞ்சுக்குள் போகாது. நான் இதை விரும்பியதற்கு அது ஒன்றே காரணம்.

எல்லாக் கம்பியும் இதற்கு ஆகாது. சாதாரண ஹீட்டர் கம்பி சூடேறினாலும் தடை அதிகம் மாறாது. அதை வைத்து வெப்பநிலை பார்ப்பதும் நின்றுபோன கடிகாரத்தில் மணி பார்ப்பதும் ஒன்று. நிக்கல் நன்றாக மாறும், ஆனால் வெண்ணெய் மாதிரி வளையும். தடையும் மிகக் குறைவு, ஸ்குரூ ஒரு மயிரிழை தளர்ந்தால் கணக்கு முழுவதும் தப்பாகும். டைட்டானியம் விறைப்பாக நிற்கும், ஆனால் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சக் கூடாது என்கிறார்கள். எனக்குச் சரிப்பட்டது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுற்ற எளிது. பஞ்சு வைக்குமுன் லேசாகச் சூடாக்கி எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி மின்னுகிறதா என்று பார்க்கலாம். வெப்பக் கட்டுப்பாட்டுக்குச் சுற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடக் கூடாது, சின்ன இடைவெளி வேண்டும்.

டேங்க்கில் பார்க்க வேண்டியது வேறு. சிகரெட்டிலிருந்து வருகிறவனுக்கு இறுக்கமான காற்றுவழி வேண்டும், உறிஞ்சினால் சிகரெட் மாதிரியே வாய்க்கு வர வேண்டும். இரண்டு காயில் போட்டு மேகம் மாதிரிப் புகை விடுகிறதெல்லாம் வேண்டாம், ஒரு காயில் போதும். கம்பியை மாட்டும் மேடை அகலமாக, ஸ்குரூ பெரிதாக இருக்க வேண்டும், அண்ணன் விரல் மாவு பிசைகிற விரல். காற்று மேலிருந்து வந்தால் ஒழுகாது. திரவம் மேலே திறந்து ஊற்றுவதாக இருந்தால் சட்டையில் கொட்டாது.

இவ்வளவையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து காயில் சுற்றிப் பஞ்சு போட்டேன். நான் படித்த படிப்பு முதல் தடவையாக எங்கள் வீட்டு ஆளுக்கு உதவப் போகிறது என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

3

அடுத்த வாரமே அண்ணன் போன் செய்தார். "டேய், இது சுடுதுடா. தொண்டையில மொளகாப்பொடிய அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

"சுட முடியாதுண்ணே. இருநூறு டிகிரிக்கு மேல போகாதபடி வச்சிருக்கேன்."

"சரி, அப்ப சுடல. எனக்குத்தான் சுடுது."

போய்ப் பார்த்தேன். பஞ்சு கருகியிருந்தது. காயிலுக்கு நடுவில் காபிப்பொடி நிறம். வெப்பக் கட்டுப்பாட்டில் நடக்கவே கூடாத விஷயம். ஸ்குரூவை இறுக்கினேன், காயிலை மாற்றினேன், பத்து டிகிரி குறைத்தேன். அடுத்த வாரமும் கருகியது. டேங்க்கில் தொடர்பு சரியில்லை என்று இன்னொரு டேங்க் வாங்கினேன். கருகியது. கம்பியில் கோளாறு என்று டைட்டானியத்துக்குப் போனேன். கருகியது. நிக்கல் போட்டேன், அது கருகுவதற்கு முன்னால் அண்ணன் கையில் வளைந்தே போனது. மறுபடி ஸ்டீல். பெட்டியிலேயே பிழை என்று பெட்டியையும் மாற்றினேன்.

கிள்ளானில் என் அறையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் அழகாக வேலை செய்தது. வற்றிய பஞ்சைப் போட்டுப் பார்த்தேன், பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்தியது. பிரிக்ஃபீல்ட்ஸ் போனதும் அதே டேங்க் அண்ணனைச் சுட்டது. தொழிற்சாலையில் ஓர் ஓவன் முழுவதையும் அரை டிகிரி பிசகாமல் நிறுத்துகிற எனக்கு, நெல்லிக்காய் அளவு டேங்க்கை நிறுத்தத் தெரியவில்லை. ரயிலில் திரும்பும்போதெல்லாம் எரிச்சல்தான். கையில் கருகிய பஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வருவேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

அண்ணன் டேங்க்கை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார், சுட்டதும் மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடுவார்.

அவருடைய மகள் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இப்போதெல்லாம் அப்பாவை அழைப்பதில்லை, என்னைத்தான் அழைக்கிறாள். அதுவும் பாதி ஆங்கிலத்தில். "சித்தப்பா, அப்பாகிட்ட பேசினா ஃபுல்லா இருமல் சவுண்டுதான் கேக்குது. ரெண்டு வார்த்தை பேசுறார், மூச்சு வாங்குறார், 'அம்மாகிட்ட குடு'ங்கிறார். நான் என்னதான் பேசுறது?" என்றாள். அவளிடம் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. கோபம் வருகிற அளவுக்குக்கூட அவள் அப்பாவை எதிர்பார்க்கவில்லை.

4

ஒரு மதியம் எங்கள் தொழிற்சாலையில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தியிருந்தார்கள். சொல்லாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்விட்டேன். எப்போதும் ஞாயிறு சாயங்காலம் அறையில்தான் அண்ணனைப் பார்ப்பேன். வேலை நேரத்தில் அடுக்களைக்குள் போனது அன்றுதான்.

சாப்பாட்டு நேரம் ஓய்ந்திருந்தது. அண்ணன் முதுகைக் காட்டி நின்று பாத்திரத் தொட்டியில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் என் டேங்க்! பாத்திரம் துலக்கும் சோப்பைப் போட்டு, தேய்க்கும் நாரால் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார்.

"அண்ணே! என்னண்ணே பண்ற?"

"வாடா. எப்ப வந்த? வாயில வைக்கிற சாமான், கழுவ வேணாமா?"

அவர் சமையல்காரர். வாயில் வைக்கிற எதையும் கழுவாமல் விட அவரால் முடியாது. நான் அதை யோசிக்கவே இல்லை. கழுவி முடித்து, உதறி, தோசைக்கல்லுக்கு மேலே கரண்டிகள் காயும் கம்பித்தட்டில் டேங்க்கைக் கவிழ்த்து வைத்தார். அங்கே கையை நீட்டிப் பார்த்தேன். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் பிடித்து எடுத்தார். நான் வெட்டிக் கொடுத்திருந்த பஞ்சுத் துண்டு ஒன்றைத் திணித்து, திரவத்தை ஊற்றி, இன்னும் சூடு ஆறாத டேங்க்கைப் பெட்டியில் திருகினார். பெட்டியின் திரை எரிந்தது. புதுக் காயிலா, பழைய காயிலா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அண்ணன் ஒரு நொடிகூட நிற்காமல் வலது பக்கப் பொத்தானை அமுக்கினார். புதுக் காயில்.

இத்தனை நாள் தேடிய கோளாறு அந்தப் பொத்தானில் இருந்தது.

விளக்குகிறேன். புதுக் காயில் என்று சொன்னால், இப்போது இருக்கும் தடைதான் குளிர்ந்த நிலைத் தடை என்று பெட்டி எழுதிக்கொள்ளும். அதிலிருந்துதான் மேலே எண்ணும். காயில் ஏற்கெனவே தோசைக்கல் சூட்டில் இருக்கிறது. தராசில் ஒரு கல்லை வைத்துவிட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவது மாதிரி. அதற்குப் பிறகு பெட்டி இருநூறு என்று நினைக்கும் இடத்தில் கம்பி அதைவிட நாற்பது ஐம்பது டிகிரி மேலே நிற்கும். பஞ்சு கருகாமல் என்ன செய்யும்? கம்பியிலும் குற்றமில்லை, டேங்க்கிலும் குற்றமில்லை.

"அண்ணே, அந்தத் திரை என்ன கேக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன ஏன் அமுக்குன?"

"ஏதோ கேக்குது. ஆமான்னு சொன்னேன்." தோசைக்கல்லைத் துணியால் துடைத்தபடியே சொன்னார். "ஏர்போர்ட்ல கேட்டான், ஆமான்னேன். பெர்மிட் ஆபீஸ்ல கேட்டான், ஆமான்னேன். டாக்டர் கேட்டாங்க, ஆமான்னேன். ஆமான்னு சொல்லிச் சொல்லித்தானடா இந்த நாட்டுல இருக்கேன். இந்தப் பெட்டிகிட்ட மட்டும் இல்லைன்னு சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. குளிர்ந்த நிலைத் தடையை மாறாமல் பூட்டி வைக்க அந்தப் பெட்டியில் வசதி உண்டு. டேங்க்கைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்து ஆறவிட்டு, தடையைப் படிக்கவைத்து, பூட்டினேன். இனி அது எதையும் கேட்காது. கழுவு, ஆனால் கல்லுக்கு மேலே காய வைக்காதே என்றேன். அண்ணன் ஓர் இழுப்பு இழுத்தார். புருவம் உயர்ந்தது.

"சுடல."

இன்னோர் இழுப்பு. "நல்லாத்தான்டா இருக்கு."

அன்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

5

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

டேங்க் சுடவில்லை. ஒழுகவில்லை. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் பத்து நாள் கழித்துப் போனபோது, கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் அண்ணன் ஒரு காலி எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மடியில் வேப் பெட்டி.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்னண்ணே இது? சுடுதுன்ன, சரி பண்ணேன். கசக்குதுன்ன, டேங்க்ல ஊத்துற ஜூஸ மாத்திக் குடுத்தேன். நாலு மாசமா எனக்கு வேற நெனப்பே இல்ல. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"கத்தாத. சந்துல ஆள் போகுது."

"போகட்டும். டாக்டர் சொன்னத நானா சேத்துச் சொன்னேன்? அந்த மாடிப்படியில உன்னால ஏற முடியல. உம் மக உன்கிட்டப் பேச மாட்டேங்குறா. உனக்கு என்னண்ணே வந்துச்சு?"

அண்ணன் இருமினார். நெடுநேரம். பிறகு வேப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இது நல்லாத்தான் இருக்கு. உன் மேல சத்தியமா நல்லா இருக்கு. ஆனா இதுக்கு எத்தனை நேரம் ஆகும், சொல்லு."

"எதுக்கு?"

"இழுக்க."

"ரெண்டு இழுப்பு. அரை நிமிஷம்."

"அதேதான் முதலாளியும் சொல்றாரு. சிகரெட்டுன்னா பத்த வைக்கணும், எரிஞ்சு முடியணும், அதுவரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. இத எடுத்துட்டு வந்தா, 'முத்து, ரெண்டு இழு இழுத்துட்டு ஓடி வா, அஞ்சாவது டேபிளுக்கு ரொட்டி'ங்கிறாரு. சிகரெட்டு முடிஞ்சுரும்டா. இது முடியிற சாமான் இல்ல. முடியாததால எப்ப வேணா முடிச்சுக்கச் சொல்றாங்க."

அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"நான் எதுக்கு இத ஆரம்பிச்சேன்னு நெனச்ச? அருப்புக்கோட்டை ஹோட்டல்ல பீடி குடிக்கிறவனுக்கு மட்டுந்தான்டா பின்னாடி உக்கார விடுவாங்க. குடிக்காதவன் கால் வலிக்குதுன்னு குந்துனா, 'என்னடா சும்மா இருக்க, வெங்காயம் உரி'ம்பாங்க. பதினாலு வயசு எனக்கு. ரெண்டு நாள் பாத்தேன். மூணாம் நாள் ஒரு பீடி வாங்கிட்டேன். இருமல்தான் வந்துச்சு, ஆனா உக்காந்தேன்."

சிகரெட் எரிந்து முடிந்தது. காலால் நசுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. முடிந்தால் எழுந்து போக வேண்டும் என்று அவருக்கே பழகிவிட்டது.

நான் நேராக முதலாளியிடம் போனேன். வயதானவர், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், கெட்டவர் இல்லை. அண்ணன் கிளினிக் போன அன்று சம்பளம் பிடிக்காதவர்.

"அங்கிள், அண்ணனுக்கு மதியத்துல ஒரு பத்து நிமிஷம் உக்கார விட்டீங்கன்னா அவர் சிகரெட்ட விட்டுருவாரு."

"நான் எப்ப உக்காராதேன்னு சொன்னேன் தம்பி? சிகரெட் அடிக்கிறப்ப உக்காரத்தானே செய்றான்?"

"சிகரெட் இல்லாம, அங்கிள். சும்மா."

அவர் கல்லாவில் சில்லறையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா உக்காந்தா மத்தவன் கேப்பான்ல? அந்த பங்களாதேஷ் பையன் கேப்பான், பாத்திரம் கழுவுற ஆன்டி கேப்பாங்க. அவனுக்கு மட்டும் என்னாத்துக்கு சும்மான்னு. எல்லாரும் சும்மா உக்காந்தா கடைய யாரு பாக்குறது? தப்பா எடுத்துக்காதீங்க. சிகரெட்டுன்னா ஒரு காரணம் இருக்கு லா."

இவரிடம் என்ன பேசுவது? சட்டத்தில் ஓய்வு நேரம் என்று ஒன்று எழுதியிருக்கும். அதைக் கேட்டு நின்றால் பெர்மிட் புதுப்பிக்கும் மாதத்தில் அண்ணன் முகத்தை முதலாளி எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். நுரையீரலைக் கொடுத்தால்தான் நாற்காலி தருவார்கள் என்றால் அதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம் வெப்பநிலை. அங்கே வெப்பநிலையில் ஒரு கோளாறும் இல்லை.

6

போன மாதம் கோலாலம்பூரில் பாதிப் பகுதிக்குத் தண்ணீர் வெட்டு. கடையை அடைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு நாள் முழுதாகக் கிடைத்தது. என்னைப் பார்க்கக் கிள்ளான் வந்தார். பூக்கடைத் தெருவில் நடக்கும்போது, "நீ சொல்ற அந்த அக்கா கடை எங்கடா?" என்று அவரே கேட்டார்.

மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பைப் பார்த்தார். நானும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷாமளா அக்கா அண்ணனைப் பார்த்ததும், "இவங்கதானா? இவங்களுக்காகத்தான் தம்பி என் கடையில பாதிய வாங்கிட்டாரா? வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அண்ணன் உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். நான் பழைய பாட்டையே பாடினேன். இது ஒழுகாது, இதற்குக் காற்றுவழி இறுக்கம், இதில் திரவம் நிறையப் பிடிக்கும், ஒரு முறை ஊற்றினால் நாள் முழுக்க வரும். அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தக் குட்டையா இருக்கே, அது என்ன?"

"அது டேங்க்கே இல்ல அண்ணே," என்றார் அக்கா. "டிரிப்பர். திரவம் புடிச்சு வைக்கிற எடமே இல்ல. வெறும் மேடை, அதுக்கு ஒரு மூடி. பஞ்சுல நாலு சொட்டு விடணும், நாலு இழுப்பு இழுக்கணும், மறுபடி மூடியத் தெறந்து சொட்டு விடணும். பஞ்சு சீக்கிரம் போயிரும், அப்பப்ப உக்காந்து மாத்தணும். யாரும் வாங்க மாட்டாங்க. பெரிய தொல்ல."

"நடந்துக்கிட்டே பண்ண முடியாதா?"

"அலாமா, எப்படி? ரெண்டு கையும் வேணும். கொட்டிரும்ல. உக்காந்துதான் பண்ணணும்."

"பஞ்சு மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"தம்பி மாதிரி ஆளுன்னா அஞ்சு நிமிஷம். புதுசுன்னா பத்து, பதினஞ்சு."

அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். என்னைப் பார்த்தார். "இதுதான்டா எனக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. "அண்ணே, இது வேணாம். இதுல தொல்லை அதிகம்னு அக்காவே சொல்றாங்க. இருக்கிறதுலயே…" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

வாங்கினோம். ஸ்டீல் கம்பி, இடைவெளி விட்ட சுற்று, தடையைப் பூட்டிய பெட்டி. சொட்டு விட மறந்தாலும் பஞ்சு கருகாது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பஞ்சை எப்படி வெட்டுவது, எவ்வளவு தளர்வாக நுழைப்பது, நுனியை எங்கே மடக்குவது என்று அன்று மாலை முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். புரோட்டா வீசுகிற கைக்கு அது பெரிய வேலையே இல்லை. இரண்டாவது முறையே என்னைவிட நன்றாகச் செய்தார்.

நேற்று மதியம் போயிருந்தேன். பின்சந்தில் எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் ஒரு துண்டு, அதன் மேல் சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, பஞ்சுச் சுருள். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இல்லை. டிரிப்பர் வந்ததிலிருந்து வாங்கவில்லை என்கிறார். பாதி நம்புகிறேன். கிளினிக்கில் அடுத்த மாதம் மறுபடி ஊதச் சொல்வார்கள், மீதிப் பாதி அன்றைக்குத் தெரியும்.

நான் ஒரு காலித் தகரத்தை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முத்து, என்னா, ரிப்பேரா?"

"ஆமாங்க முதலாளி. பஞ்சு."

"சரி, சரி. முடிச்சிட்டு வா." கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் பஞ்சின் இரண்டு நுனிகளையும் இடுக்கியால் மடக்கி உள்ளே தள்ளினார். கம்பியைத் தொடாமல், இறுக்காமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே அச்சாக இருந்தது. மூடியைப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் போடவில்லை. கொஞ்ச நேரம் சந்தின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுக்கியை எடுத்து, அந்த நல்ல பஞ்சை மெதுவாக உருவி வெளியே போட்டார்.

"ஏண்ணே?"

"கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு."

இறுக்கமாக இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே. கத்தரிக்கோலை எடுத்து, புதுப் பஞ்சு ஒரு துண்டு வெட்டி, அவசரப்படாமல் அவர் கையில் கொடுத்தேன்.